கோலியில் பாதி ஆற்றலைக் காணோம், யாராவது கண்டுபிடித்துத் தாருங்கள்

கருங்கல்காரன் (சனி, இரவு 9:40)

எல்லாருக்கும் வணக்கம். மகள் பத்தாம் வகுப்பு. வரும் வெள்ளிக்கிழமை பள்ளியில் அறிவியல் கண்காட்சி. எல்லாரும் எரிமலை, காற்றாலை என்று போகிறார்கள். ஆரல்வாய்மொழியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காற்றாலை செய்யாத பிள்ளை நம் மாவட்டத்தில் உண்டா? இவள் கோலியை வைத்துச் செய்கிறேன் என்றாள். செலவு இல்லையே என்று நானும் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டேன். இப்போது எனக்குத் தூக்கம் போச்சு.

செய்தது இதுதான். ஜன்னல் வேலையில் மிச்சமான அலுமினிய ஆங்கிள் (L வடிவப் பட்டை), ஒரு மீட்டர். பள்ளம் மேலே பார்க்கும்படி, ஒரு முனையைப் புத்தகங்கள்மேல் ஏற்றி வைத்தோம். கீழ் முனையில் இன்னொரு சின்னத் துண்டை மட்டமாக ஒட்டி, அது மேசை விளிம்பில் முடிகிறது. கோலியை 10 செ.மீ. உயரத்தில் விட்டால் உருண்டு வந்து மேசையைவிட்டுப் பறந்து தரையில் விழும். தரையில் வெள்ளைத்தாள், மேலே கார்பன் தாள். விழுந்த இடத்தில் புள்ளி விழுந்துவிடும்.

பாடப்புத்தகக் கணக்கு: மேலே இருந்த நிலை ஆற்றல் முழுவதும் கீழே இயக்க ஆற்றல். 10 செ.மீ. இறங்கினால் வேகம் வினாடிக்கு 1.4 மீட்டர். மேசை உயரம் 75 செ.மீ., விழ 0.39 வினாடி ஆகும். ஆக 55 செ.மீ. தள்ளி விழ வேண்டும்.

விழுந்தது 40. பத்துத் தடவை விட்டோம், எல்லாமே 39க்கும் 41க்கும் நடுவில். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது இல்லையா, அப்படிப் பார்த்தால் 47 சதவீதத்தைக் காணோம். கண்ணாடிக் கோலி, பளபள அலுமினியம். உராய்வு பாதியைத் தின்னுமா? பள்ளியில் கேட்டதற்கு, 'உராய்வு என்று எழுதிக்கோ' என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

குலசேகரம்_ரப்பர் (சனி, இரவு 9:58)

எண்ணெய் போட்டுப் பார்த்தீர்களா அண்ணாச்சி?

கருங்கல்காரன் (சனி, இரவு 10:25)

இப்போதுதான் போட்டேன். தேங்காய் எண்ணெய். 40 இருந்தது 36 ஆகிவிட்டது. கோலி ஒட்டிக்கொண்டு வருகிறது. மனைவி வேறு திட்டுகிறாள், மேசையெல்லாம் எண்ணெய்.

புத்தேரி_பொண்ணு (சனி, இரவு 10:31)

காற்றுத் தடையாக இருக்குமோ? நான் பொறியியல் இரண்டாம் ஆண்டு, ஆனால் கம்ப்யூட்டர் பிரிவு. அடிக்க வராதீர்கள்.

வாத்தியார்_தக்கலை (ஞாயிறு, காலை 6:10)

அடிக்க மாட்டேன் பிள்ளே. ஆனால் காற்று இல்லை. 16 மி.மீ. கண்ணாடிக் கோலி ஐந்தரை கிராம் இருக்கும். வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் காற்று அதனிடம் எடுப்பது நூற்றில் ஒரு பங்குகூட வராது.

தம்பி கருங்கல், உராய்வும் தின்னவில்லை. உங்கள் ஆற்றல் கோலிக்குள்ளேதான் இருக்கிறது. நீங்கள் அதில் ஒரு பகுதியை மட்டும் அளந்துவிட்டு மிச்சத்தைக் காணோம் என்கிறீர்கள்.

கோலி வழுக்கி வரவில்லை, உருண்டு வருகிறது. உருளுகிற பொருள் இரண்டு வேலை பார்க்கிறது. முன்னால் போகிறது, தன்னைத்தானே சுற்றவும் செய்கிறது. சுற்றுவதற்கும் ஆற்றல் வேண்டும். மட்டமான பரப்பில் உருளும் திடக்கோளத்துக்கு இந்தப் பங்கீடு எப்போதும் ஒன்றுதான்: ஏழில் ஐந்து பங்கு முன்னால் போவதற்கு, ஏழில் இரண்டு பங்கு சுற்றுவதற்கு. கோலி பெரிதா சின்னதா, கண்ணாடியா இரும்பா என்ற பேச்சே இல்லை. பதினோராம் வகுப்பில் நிலைமத் திருப்புத்திறன் என்று ஒரு பாடம் வரும், அதில் இந்தக் கணக்கைப் போடலாம். பத்தாம் வகுப்பு மேசையும் தூரமும் பேசினால் போதும் என்று விட்டுவிடுகிறது, அதனால்தான் பிள்ளைகள் செய்முறையில் மாட்டிக்கொள்கிறார்கள். 31 வருடம் நானும் அதே 55 செ.மீ. கணக்கைக் கரும்பலகையில் எழுதியவனாக்கும்.

உங்கள் விஷயத்தில் இன்னும் ஒரு சிக்கல், அந்த ஆங்கிள். பள்ளத்தின் அடியைக் கோலி தொடுவதே இல்லை. இரண்டு பக்கச் சுவரில் இரண்டு புள்ளிகளைத் தொட்டுக்கொண்டு வருகிறது. தொடுமிடத்துக்கும் சுற்றும் அச்சுக்கும் உள்ள தூரம் முழு ஆரம் இல்லை, அதில் 0.7 பங்குதான். சின்னச் சக்கரம் போட்ட வண்டி மாதிரி ஆகிவிட்டது. அதே தூரத்தைக் கடக்க அதிகம் சுற்ற வேண்டும். சுற்றுக்குப் போகும் பங்கு 44 சதவீதமாக ஏறிவிடும். முன்னால் போக 56தான் மிச்சம். அதன்படி விழ வேண்டிய இடம் 41 செ.மீ. நீங்கள் 40 என்கிறீர்கள். உண்மையிலேயே உராய்வு எடுத்தது அந்தக் கடைசி ஒரு செ.மீ.தான்.

நம்பாவிட்டால் ஆங்கிளை எடுத்துவிட்டு, கரண்டு வேலைக்குப் போடும் பிளாஸ்டிக் கேசிங் பட்டி, ஒரு அங்குல அகலம், அதில் விடுங்கள். அதன் அடி தட்டை. 46 வரும். வந்ததும் இங்கே எழுதுங்கள்.

குலசேகரம்_ரப்பர் (ஞாயிறு, காலை 7:45)

அப்போ எண்ணெய் சொன்ன நான் முட்டாள்.

வாத்தியார்_தக்கலை (ஞாயிறு, காலை 7:52)

இல்லை மக்களே. உராய்வே இல்லாத எண்ணெய் ஒன்று கிடைத்தால் கோலி சுற்றாமல் வழுக்கி வந்து 55லேயே விழும். தேங்காய் எண்ணெய் அந்த அளவுக்கு வழுக்காது, ஒட்டும். யோசனை சரி, எண்ணெய்தான் போதவில்லை.

கருங்கல்காரன் (ஞாயிறு, மதியம் 1:15)

சார்! எட்டுத் தடவை விட்டோம். ஏழு 45க்கும் 46க்கும் நடுவில். ஒன்று மட்டும் 38, அது பக்கச் சுவரில் உரசிக்கொண்டு வந்தது, சத்தமே கேட்டது. மகள் தாளைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாள். 40லே ஒரு கும்பல் புள்ளி, 45லே ஒரு கும்பல் புள்ளி, நடுவில் ஒன்றுமில்லை. அதே கோலி, அதே உயரம், அதே மேசை.

ஒரு சந்தேகம். கலிலியோவும் பள்ளம் வெட்டிய மரப்பலகையில்தானே குண்டை உருட்டினார்? அவருக்கு இந்தக் குழப்பம் வரவில்லையா?

வாத்தியார்_தக்கலை (ஞாயிறு, மதியம் 2:30)

நல்ல கேள்வி. 1638இல் வெளிவந்த நூலில் அவரே அந்தச் சோதனையை விவரிக்கிறார். பலகையில் வாய்க்கால் மாதிரி பள்ளம், உள்ளே வழவழப்பான தோல்தாள், வெண்கலக் குண்டு. நொடிக் கணக்கில் துல்லியமாக அளக்கும் கடிகாரம் இல்லாததால், சிறு குழாய் வழியாக ஒழுகிய தண்ணீரை எடை போட்டு நேரம் கணக்கிட்டார். ஆனால் அவர் பார்த்தது விகிதம் மட்டும். சம நேரத் துண்டுகளில் கடக்கும் தூரம் 1, 3, 5, 7 என்று ஏறுகிறதா, அவ்வளவுதான். சுற்றுக்குப் போகும் பங்கு வழிநெடுக ஒரே அளவு என்பதால் விகிதம் கெடாது. ஒருவேளை அந்தப் பலகையில் உருட்டி, நேராகக் கீழே விழும் பொருளின் வேகத்தைக் கண்டுபிடிக்கப் போயிருந்தால், கருங்கல் தம்பி மாட்டிய அதே இடத்தில் அவரும் மாட்டியிருப்பார்.

முட்டத்து_அண்ணன் (ஞாயிறு, மாலை 4:05)

கோலி என்று பார்த்ததும் உள்ளே வந்தேன். எங்கள் காலத்தில் கோலிக்குக் காசில்லை. புன்னைக்காய்தான். காய்ந்தால் நல்ல உருண்டை, கல்லு மாதிரி இருக்கும். பிறகு சோடா பாட்டிலை உடைத்து அதிலிருந்து ஒன்று எடுத்தவன் ஊருக்கு ராஜா. சோடாக்காரர் துரத்தினது வேறு கதை.

குலசேகரம்_ரப்பர் (ஞாயிறு, மாலை 4:11)

அந்தக் கோலி சோடா பாட்டிலுக்கு உள்ளே எப்படிப் போகிறது என்பது எனக்கு இன்றுவரை மர்மம்.

முட்டத்து_அண்ணன் (ஞாயிறு, மாலை 4:20)

கோலியை உள்ளே போட்டுவிட்டுத்தான் பாட்டில் கழுத்தைச் சூட்டில் குறுக்குவார்கள். பிறகு தலைகீழாகப் பிடித்து சோடா அடைத்தால், கேஸ் அழுத்தமே கோலியைத் தள்ளி ரப்பர் வளையத்தில் அடைத்துவிடும். ஹிராம் காட் என்ற வெள்ளைக்காரர் 1872இல் உரிமை வாங்கின பாட்டில் அது. பன்னீர் சோடா குடிக்கும்போது...

நடுவர் (ஞாயிறு, மாலை 4:26)

சோடா பேச்சுக்குத் தனி இழை தொடங்குங்கள். இது பிள்ளையின் கண்காட்சிக்கானது.

கருங்கல்காரன் (ஞாயிறு, இரவு 8:50)

அடுத்த பிரச்சினை. நேர்க்கோட்டு உந்த அழிவின்மை விதியை (நிறையை வேகத்தால் பெருக்கினால் உந்தம்; வெளிவிசை இல்லாவிட்டால் அதன் கூட்டுத்தொகை மாறாது) காட்ட, வீட்டுச் சிவப்பு சிமென்ட் தரையில் ஒரு கோலியை வைத்து, பட்டியிலிருந்து இறங்கும் இன்னொரு கோலியால் நேராக மோத வைத்தோம். இரண்டும் ஒரே எடை. மோதியதும் வந்தது நின்று, நின்றது கிளம்ப வேண்டும். வந்தது ஒரு கணம் நிற்கிறது. உடனே யாரோ பின்னாலிருந்து தள்ளியது போல மெதுவாகக் கிளம்பி, அடி வாங்கிய கோலியின் பின்னாலேயே போகிறது. தரை சரிவு என்று நினைத்துத் திசை மாற்றிப் பார்த்தோம். எந்தப் பக்கமும் அப்படித்தான்.

பத்மநாபபுரம் அரண்மனைத் தரை மாதிரி ஒரு தரை வேண்டும்போல.

புத்தேரி_பொண்ணு (ஞாயிறு, இரவு 8:57)

அங்கே கோலியோடு போனால் காவலர் உங்களை வெளியே உருட்டிவிடுவார் அண்ணா. உந்தம் மாறாமல்.

முட்டத்து_அண்ணன் (ஞாயிறு, இரவு 9:15)

இதற்கு எந்தப் புத்தகமும் வேண்டாம், விளையாடினவனுக்குத் தெரியும். கோலியை அடிப்பதில் இரண்டு வகை. பெருவிரலைத் தரையில் ஊன்றி, நடுவிரல் நுனியில் கோலியை வைத்து, மற்றக் கையால் வில் மாதிரி பின்னால் இழுத்து விடுவது ஒன்று. அதில் நம் கோலி பறந்து போய் அடிக்கும். சரியாக நெற்றியில் பட்டால் எதிராளி கோலி பத்தடி தள்ளிப் போகும், நம் கோலி அடித்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். உட்கார்ந்தால்தான் அடுத்த அடி நமக்கு வசதி. உருட்டி அடிப்பது இன்னொன்று, சின்னப் பயல்கள் செய்வது. அப்படி அடித்தால் நம் கோலியும் வால் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போகும். 'உருட்டாதலே, பறக்க அடி' என்று அண்ணன்மார் தலையில் கொட்டுவார்கள். ஏன் என்று யாரும் சொன்னதில்லை.

வாத்தியார்_தக்கலை (திங்கள், காலை 5:55)

கொள்ளாம்! இரவே இதைப் படித்துவிட்டேன், எழுந்ததும் எழுதுகிறேன்.

மோதும்போது ஒரு கோலி இன்னொன்றுக்குக் கொடுப்பது முன்னோக்கிய வேகத்தை மட்டும்தான். கண்ணாடியும் கண்ணாடியும் ஒரு புள்ளியில், கண் இமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத அளவுக்குத் தொட்டுவிட்டு விலகுகின்றன. அதற்குள் சுற்றைக் கைமாற்ற முடியாது. அதனால் உருண்டு வந்த கோலி நின்றுவிட்டாலும், நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். சேற்றில் மாட்டின பைக்கின் பின்சக்கரம் மாதிரி. தரையின் உராய்வு அந்தச் சுற்றைப் பிடித்து அதை முன்னால் தள்ளுகிறது. நீங்கள் பார்த்த 'யாரோ தள்ளியது' அதுதான். முதலில் சொன்ன ஏழில் இரண்டு பங்கு நினைவிருக்கிறதா, காணாமல் போன பணம் இங்கே வந்து தலைகாட்டுகிறது.

அடி வாங்கிய கோலியோ இதற்கு நேர் எதிர். அதற்கு வேகம் வந்தது, சுற்று வரவில்லை. கொஞ்ச தூரம் வழுக்கிக்கொண்டு போகும், உராய்வு பின்னால் இழுத்து இழுத்து அதைச் சுற்ற வைக்கும், பிறகுதான் ஒழுங்காக உருளும்.

முட்டத்து அண்ணனின் பறக்கும் கோலிக்கு அவ்வளவாகச் சுற்று இல்லை. வேகம் கொடுத்த பிறகு கையில் ஒன்றும் மிச்சமில்லை. அதனால் அப்படியே உட்கார்ந்துவிடுகிறது.

கணக்குப்படி, இரண்டும் நன்றாக உருளத் தொடங்கிய பிறகு, அடி வாங்கியது பழைய வேகத்தில் ஏழில் ஐந்து பங்கிலும், அடித்தது ஏழில் இரண்டு பங்கிலும் போக வேண்டும். அளந்து பாருங்கள். ஆனால் மோதிய இடத்திலிருந்தே அளக்காதீர்கள். வழுக்கல் முடிய ஒரு சாண் தூரமாவது ஆகும்.

கருங்கல்காரன் (திங்கள், இரவு 10:05)

போனை ஸ்டூலில் கவிழ்த்துக் கட்டி, தரையில் அளவு நாடா ஒட்டி, ஸ்லோமோஷனில் எடுத்தோம். மோதி ஒரு சாண் தாண்டிய பிறகு, அதே நேரத்தில் முன்னால் போனது 50 செ.மீ., பின்னால் போனது 22. நீங்கள் சொன்ன கணக்கில் 20 வர வேண்டும். மூன்று வீடியோவிலும் 21, 22தான்.

வாத்தியார்_தக்கலை (திங்கள், இரவு 10:20)

அந்த இரண்டு செ.மீ. கண்ணாடியின் கஞ்சத்தனம். மோதலில் முழு வேகமும் கைமாறாது, நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கை அடித்த கோலியே வைத்துக்கொள்ளும். அதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் 22 வந்துவிடும். பிள்ளையை 22 என்றே எழுதச் சொல்லுங்கள். 20 என்று திருத்தி எழுதினால் நான் வந்து கிழிப்பேன்.

புத்தேரி_பொண்ணு (செவ்வாய், காலை 11:40)

வகுப்பில் உட்கார்ந்து இதைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு விஷயம் உறுத்துகிறது சார்.

முடிவில் வேகங்கள் ஏழில் ஐந்து, ஏழில் இரண்டு. வர்க்கம் போட்டுக் கூட்டினால் 25ம் 4ம் 29. முதலில் இருந்தது 49. அப்படியானால் ஆற்றலில் 41 சதவீதம் போய்விட்டது. இது உண்மையிலேயே போனது, தரையில் வழுக்கும்போது சூடாக. சரி.

ஆனால் உந்தத்தைக் கூட்டினால் ஐந்தும் இரண்டும் ஏழு. முழுசாக இருக்கிறது! தரை உராய்வு வெளிவிசை அல்லவா? வெளிவிசை இருந்தால் உந்தம் மாறக்கூடாது என்ற விதியே செல்லாதே. எப்படிக் கச்சிதமாக ஏழு வந்தது?

வாத்தியார்_தக்கலை (செவ்வாய், மதியம் 12:30)

பிள்ளே, கம்ப்யூட்டர் பிரிவில் உன்னை யார் சேர்த்தது?

தரை இரண்டு கோலிகளையும் இழுக்கிறது. ஆனால் எதிரெதிர்த் திசையில். நின்ற இடத்தில் சுற்றும் கோலியை முன்னால் தள்ளுகிறது, வழுக்கிப் போகும் கோலியைப் பின்னால் இழுக்கிறது. இரண்டும் ஒரே எடை, ஒரே தரை, ஆக ஒரே விசை. இரண்டுக்கும் வழுக்கல் முடிய ஆகும் நேரமும் ஒன்றுதான், கணக்குப் போட்டுப் பார். எனவே ஒருவனிடம் பிடுங்கின உந்தத்தை அப்படியே மற்றவனுக்குக் கொடுத்துவிடுகிறது தரை. சாயாக்கடையில் ஒருத்தன் விட்ட பாக்கியை இன்னொருத்தன் கணக்கில் எழுதுவது மாதிரி. கடைசியில் கூட்டினால் கல்லாவில் அதே தொகை.

ஆற்றலுக்கு அந்த வசதி இல்லை. இரண்டு பக்கமும் தேய்கிறது, இரண்டு பக்கத் தேய்மானமும் கூடும், திசை பார்த்துக் கழியாது. உந்தத்துக்குத் திசை உண்டு, ஆற்றலுக்கு இல்லை என்று வகுப்பில் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். இப்படி ஒரு சிமென்ட் தரையில் காட்டியதில்லை.

கருங்கல் தம்பி, பிள்ளையின் பலகையில் நடுநாயகமாக இதை வைக்கச் சொல்லுங்கள்.

கருங்கல்காரன் (செவ்வாய், இரவு 9:10)

மகள் இதைப் படித்துவிட்டுக் கால் மணி நேரம் பேசவில்லை. பிறகு எழுந்துபோய்த் தரையில் திரும்ப உருட்டினாள்.

அவள் கேட்கச் சொன்ன கேள்வி: பட்டியில் ஐந்து கோலியைத் தொட்டுக்கொண்டு நிற்க வைத்து, இரண்டால் அடித்தால் மறுமுனையில் இரண்டு கிளம்புகிறது. ஏன் ஒன்றே இரட்டை வேகத்தில் கிளம்பக்கூடாது? உந்தம் சரியாகத்தானே வருகிறது?

புத்தேரி_பொண்ணு (செவ்வாய், இரவு 9:18)

இது எனக்கு. ஒன்று இரட்டை வேகத்தில் போனால் வேகத்தின் வர்க்கம் நான்கு மடங்கு. இரண்டு கோலி கொண்டுவந்த ஆற்றல் இரண்டு பங்கு, போகிறது நான்கு பங்கு. மிச்ச இரண்டை யார் கொடுப்பது? நடுவில் பட்டாசு வைத்தால் முடியும்.

குலசேகரம்_ரப்பர் (செவ்வாய், இரவு 9:30)

அப்போ மூன்று கோலி சேர்ந்து மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் போகலாமே? உந்தம் சரி. ஆற்றலும் கம்மியாகத்தான் ஆகிறது, கூடவில்லை. பட்டாசும் வேண்டாம்.

புத்தேரி_பொண்ணு (செவ்வாய், இரவு 9:34)

...

சார்?

வாத்தியார்_தக்கலை (புதன், காலை 6:00)

ரப்பர் தம்பி முட்டாள் என்று தன்னைச் சொல்லிக்கொண்டாரே, வாபஸ் வாங்கட்டும்.

போகலாம். ஆற்றல் குறைவது தடை இல்லை, அந்த மிச்சத்தை வாங்கிக்கொள்ள ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கோலிகளுக்கு நடுவில் கொஞ்சம் ரப்பர் மரத்து ஒட்டுப்பால் அப்பி விடுங்கள், ஒட்டிக்கொண்டு கும்பலாகப் போகும். கண்ணாடிக்குக் கண்ணாடி சுத்தமாக மோதும்போது அந்த மிச்சத்தை வாங்க ஆள் இல்லை.

இன்னும் நேர்மையாகச் சொல்ல வேண்டுமென்றால், ஐந்தாறு கோலி இருக்கும்போது உந்தம், ஆற்றல் என்ற இரண்டு விதி மட்டும் விடையைத் தீர்மானிக்காது. தெரியாத வேகங்கள் ஆறேழு, சமன்பாடு இரண்டு. நடப்பது என்னவென்றால் அடி ஒவ்வொரு கோலியாகத் தாண்டிப் போகிறது, இரண்டிரண்டு பேருக்கு இடையிலான மோதல்களாக. கோலிகளுக்கு நடுவில் தாள் தடிமனுக்கு இடைவெளி விட்டு ஸ்லோமோஷனில் எடுத்தால் பிடிபடும். பல புத்தகங்கள் இதைச் சொல்லாமல் 'இரண்டு விதிகளால் இரண்டே கிளம்பும்' என்று முடித்துவிடும். எனக்கு அதில் நெடுநாள் கோபம் உண்டு.

மார்க்_வேணும் (புதன், காலை 8:15)

இதெல்லாம் பப்ளிக் பரீட்சையில் வராது.

நடுவர் (புதன், காலை 8:20)

சரி.

லேத்து_மார்த்தாண்டம் (புதன், மதியம் 1:45)

நான் படித்தது ஐடிஐ. ஒரு கேள்வி. உந்தம், ஆற்றல் இரண்டுமே 'ஓடுகிற பொருளின் பலம்' என்றுதானே சொல்கிறீர்கள். ஒரு பொருள் வந்து குத்தினால் எவ்வளவு பள்ளம் விழும் என்பதை எது தீர்மானிக்கும்? பட்டறைக்காரனுக்கு அது தெரிந்தால் போதும். என்னிடம் 25 மி.மீ. பால்ரஸ் இரண்டு கிடக்கிறது, பழைய பேரிங் உடைத்து எடுத்தது. வேண்டுமென்றால் பிள்ளைக்குக் கொடுத்துவிடுகிறேன்.

வாத்தியார்_தக்கலை (புதன், மதியம் 2:10)

இந்தக் கேள்விக்காக ஐரோப்பாவில் பெரிய சண்டையே நடந்தது. வேகத்தைப் பார், என்றார்கள் பிரெஞ்சு தத்துவஞானி டெகார்ட்டின் ஆட்கள். வேகத்தின் வர்க்கத்தைப் பார், என்று 1686இல் ஜெர்மன் அறிஞர் லைப்னிட்ஸ் கிளம்பினார். 1720களில் ஹாலந்தில் கிராவசாண்டே என்பவர் பித்தளைக் குண்டுகளைக் களிமண்ணில் போட்டுப் பள்ளத்தை அளந்தார். பிறகு பிரான்சில் எமிலி டு ஷாட்லே என்ற பெண் அதை எடுத்து வலுவாக எழுதினார்.

பால்ரஸைக் கொடுங்கள். கருங்கல் தம்பி, குளத்துக் களிமண்ணை நன்றாகப் பிசைந்து, கல் பொறுக்கி, தட்டில் சமமாக அப்புங்கள். 25 செ.மீ. உயரத்திலிருந்து ஒரு தடவை, 100 செ.மீ. உயரத்திலிருந்து ஒரு தடவை போடுங்கள். நாலு மடங்கு உயரம் என்றால் வேகம் இரண்டு மடங்கு. பள்ளத்தில் ஊசி போடும் சிரிஞ்சால் தண்ணீர் விட்டு அளவு பாருங்கள். கடற்கரை மணல் வேண்டாம், ஓரம் சரிந்து மூடிவிடும். மணவாளக்குறிச்சிக் கறுப்பு மணல் அழகாக இருக்கும் என்று யாராவது சொல்வீர்கள், அதுவும் வேண்டாம்.

முட்டத்து_அண்ணன் (புதன், மதியம் 2:14)

அதைத்தான் சொல்ல வந்தேன். வாயை மூடிக்கொள்கிறேன்.

கருங்கல்காரன் (வியாழன், இரவு 11:20)

லேத்து அண்ணனுக்கு நன்றி, மார்த்தாண்டம் போய் வாங்கி வந்தேன். சாயாவும் வாங்கிக் கொடுத்தார்.

25 செ.மீ.யில் பள்ளம் 0.6 மில்லி. ஒரு மீட்டரில் 2.3 மில்லி. வேகம் இரண்டு மடங்கு, பள்ளம் கிட்டத்தட்ட நாலு மடங்கு. பள்ளத்தைத் தீர்மானிப்பது ஆற்றல்தான் அண்ணே. அதே அளவு பெரிய கண்ணாடிக் கோலியையும் ஒரு மீட்டரிலிருந்து போட்டோம். அதே வேகம், எடை மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட. பள்ளமும் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே.

லேத்து_மார்த்தாண்டம் (வியாழன், இரவு 11:31)

அப்போ சுத்தியலைக் கனமாக எடுப்பதைவிட வேகமாக வீசுவதுதான் லாபம்.

வாத்தியார்_தக்கலை (வெள்ளி, காலை 5:40)

பள்ளம் விழ வைக்க, ஆமாம். இறுகின தண்டைத் தள்ளி நகர்த்தக் கனமான சுத்தியலை எடுப்பீர்களே, அங்கே உந்தமும் பேச வரும். கை சொல்வதைக் கேளுங்கள், 30 வருடப் பழக்கம் அல்லவா.

கருங்கல்காரன் (வெள்ளி, மாலை 6:30)

கண்காட்சி முடிந்தது. பரிசு ஒன்றும் இல்லை, முதல் பரிசு எரிமலைக்கு. ஆனால் இவள் மேசையில்தான் கூட்டம். காரணம் இயற்பியல் இல்லை. உருட்டியும் பறக்கவும் அடித்துக் காட்ட ஆரம்பித்தாள், பையன்கள் வரிசையில் நின்றார்கள், பார்க்க வந்த ஒரு தாத்தா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது அடியில் அவர் கோலி அடித்த இடத்திலேயே உட்கார்ந்தது. நடுவராக வந்த ஆசிரியை 22 என்ற எண்ணைக் காட்டி, '20தானே வரணும்?' என்று கேட்டாராம். மகள் கண்ணாடியின் கஞ்சத்தனத்தை விளக்கியிருக்கிறாள். அவர் தன் நோட்டில் எழுதிக்கொண்டு போனாராம்.

கூட்டத்தில் ஏழு கோலிகளைக் காணோம்.

புத்தேரி_பொண்ணு (வெள்ளி, மாலை 6:34)

ஆற்றல் அழிவதில்லை அண்ணா, யாரோ ஒரு பையனின் கால்சட்டைப் பையில் இருக்கும்.

லேத்து_மார்த்தாண்டம் (வெள்ளி, மாலை 6:50)

கோலி போகட்டும். என் பால்ரஸ் இரண்டும் இருக்கிறதா?